மீடியா சர்வருக்கு ஒரு பழைய பிராசசர்: நான்காம் தலைமுறையிலிருந்து ஏழாம் தலைமுறைக்கு

ஐபோனில் 4கே எச்.டி.ஆர். (விரிந்த ஒளி, நிற வீச்சு) தரத்தில் எடுத்த ஒரு கல்யாண வீடியோ, வரவேற்பறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டுத் தொலைக்காட்சியில் எங்கும் தடங்காமல், நிறம் வெளிறாமல், முழுதாக ஓடிவிட்டது. அந்த நேரத்தில், வீடியோக்களைச் சேர்த்து வைத்து வீட்டுக் கருவிகளுக்கு அனுப்பும் கணினியான மீடியா சர்வரின் பிராசசர் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. அதில் இருப்பது 2017இல் வெளிவந்த, ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5-7500டி. நான்கு கோர் (கணக்கிடும் பகுதி), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 2.7 கிகாஹெர்ட்ஸ், 35 வாட் வகை. இன்றைய கணக்கில் மிகச் சாதாரணமான சில்லு. அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நான் போன திசைகள் பெரும்பாலும் தேவையற்றவை என்பதால், அவற்றையும் சேர்த்தே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தொடக்கத்தில் கையில் இருந்தது 2013ஆம் ஆண்டு நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5-4570 பொருத்திய டெஸ்க்டாப். 3.2 கிகாஹெர்ட்ஸ், 84 வாட், 16 ஜிபி நினைவகம். அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளையும் நிறுவினேன். அதே வேலையைச் செய்யும் பிளெக்ஸைத் தவிர்த்ததற்குக் காரணம், பார்க்கும் கருவிக்கு ஏற்ப ஹார்டுவேர் உதவியோடு வீடியோவை மாற்றும் வசதிக்கு அதில் சந்தா கட்ட வேண்டும். ஜெல்லிஃபினில் அது இலவசம். முதல் தடை, கிராஃபிக்ஸ் பகுதியை இயக்கும் மென்பொருளான டிரைவரில் வந்தது. இணையத்தில் காணும் வழிகாட்டிகள் பலவும் ஐ.எச்.டி. என்ற புதிய டிரைவரை நிறுவச் சொல்கின்றன. அது ஐந்தாம் தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும். நான்காம் தலைமுறைக்குப் பழைய ஐ965 டிரைவர் வேண்டும். அதை மாற்றிய பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பழைய டிவிடிகளிலிருந்து எடுத்து வைத்த எம்பெக்-2 கோப்புகள், கேமராவில் எடுத்த ஹெச்.264 வீடியோக்கள் ஆகியவற்றை அந்தப் பழைய இயந்திரம் சிரமமின்றி மாற்றி அனுப்பியது. இன்டெல் 2011இல் இரண்டாம் தலைமுறையோடு கொண்டுவந்த குவிக் சிங்க் என்ற தனிப் பகுதி, வீடியோவைப் பிரித்துப் படிப்பதையும் மீண்டும் சுருக்குவதையும் கோர்களின் தலையில் ஏற்றாமல் தானே பார்த்துக்கொள்கிறது.

சிக்கல், ஹெச்.264க்கு அடுத்து வந்த சுருக்க முறையான ஹெச்.இ.வி.சி. கோப்புகளில் தொடங்கியது. நான்காம் தலைமுறையின் வீடியோ பகுதிக்கு அந்த வடிவமே தெரியாது. எல்லாச் சுமையும் நான்கு கோர்களின் மேல் விழும். 1080பி அளவுள்ள ஒரு கோப்பு ஓடியது. இரண்டாவது நபர் கைபேசியில் இன்னொன்றைத் திறந்தால் இரண்டும் திக்கின. 4கே எச்.டி.ஆர். கோப்பில் நொடிக்கு 10 ஃபிரேமைத் தாண்டவில்லை, தேவையோ 30. மின்விசிறியின் இரைச்சல் அடுத்த அறைவரை கேட்டது. சுவரில் மாட்டிய வாட் மீட்டர் நூறைத் தாண்டிக் காட்டியது.

இந்த இடத்தில் எவருக்கும் தோன்றும் எண்ணமே எனக்கும் தோன்றியது: கோர்கள் போதவில்லை, கூடுதல் கோர் உள்ளதாக வாங்க வேண்டும். பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ஜியான் இ5-2680 வி4 சில்லுகள், சீனாவில் தயாராகும் எக்ஸ்99 மதர்போர்டுகளோடு சேர்த்துச் சில ஆயிரங்களுக்குக் கிடைக்கின்றன. 14 கோர், 28 திரெட். எண்களைப் பார்த்தால் மயக்கம் வரும். பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) மதிப்பெண்களை ஒப்பிட்டு, 1080பி ஓட்டம் ஒன்றுக்கு 2000 புள்ளி என்ற பழைய கணக்கைக் கொண்டு, எத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்றெல்லாம் தாளில் எழுதிப் பார்த்தேன். அந்தக் கணக்கு, மாற்றும் வேலை முழுவதையும் கோர்களே செய்யும் என்ற அடிப்படையில் உருவானது. வீடியோவுக்கென்று தனிப் பகுதி இருக்கும் சில்லுக்கு அது பொருந்தாது. அந்த ஜியானிலோ ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸே கிடையாது. 120 வாட் சில்லு, அதனோடு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, அதற்கேற்ற பவர் சப்ளை என்று சேர்த்து, இரண்டு மாத மின்கட்டணத்தையும் கணக்கிட்டபோதுதான் அந்த ஆசை அடங்கியது. இருக்கும் டெஸ்க்டாப்பிலேயே ஜி.டி.எக்ஸ். 1050 போன்ற ஒரு கார்டைச் செருகுவது இதைவிட நல்ல வழி. அந்தக் கார்டு 10 பிட் (நிறத்தைக் கூடுதல் நுணுக்கத்தோடு பதியும்) ஹெச்.இ.வி.சி.யை நன்றாகவே கையாளும். ஆனாலும் நாள் முழுதும் எரியும் இயந்திரத்தில் சும்மா இருக்கும்போது செலவாகும் வாட் இன்னும் கூடும் என்பதால் அதையும் விட்டேன்.

பிராசசர்ப் பட்டியலை மூடிவிட்டு என் கோப்புகளை முதலில் எண்ணிப் பார்த்ததே இந்த முயற்சியில் உருப்படியான திருப்பம். எஃப்எஃப்ப்ரோப் என்ற சிறு கருவியைக் கோப்புறை முழுவதும் ஓடவிட்டு, ஒவ்வொரு கோப்பின் கோடெக் (சுருக்க முறை), அளவு, பிட் ஆழம் மூன்றையும் ஒரு விரிதாளில் கொட்டினேன். ஏறக்குறைய முக்கால் பங்கு ஹெச்.264. டிவிடி, விசிடி காலத்து எம்பெக் கோப்புகள் கொஞ்சம். மீதியில் 8 பிட் ஹெச்.இ.வி.சி. மிகக் குறைவு, பெரும்பாலானவை 10 பிட். இது ஏன் என்று யோசித்தபோது காரணம் எளிதாகப் புரிந்தது. ஐபோன் 12 முதல் எச்.டி.ஆர். வீடியோ டால்பி விஷன் முறையில் 10 பிட் ஹெச்.இ.வி.சி.யாகவே பதிவாகிறது, வீட்டில் எல்லா விசேஷத்தையும் அந்த ஒரு போனில்தான் எடுக்கிறோம். 4கே புளூரே வட்டுகளும் 10 பிட்தான். இன்னும் புதிய சுருக்க முறையான ஏ.வி.1 கோப்பு விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தது.

அடுத்து, பார்க்கும் கருவிகள். கருவியே நேரடியாக வாசிக்கக்கூடிய கோப்பைச் சர்வர் மாற்றத் தேவையில்லை, அப்படியே எடுத்துக் கொடுத்தால் போதும். அதற்கு எந்தப் பழைய பிராசசரும் போதும். கைபேசிகளும் மடிக்கணினியும் பெரும்பாலானவற்றை நேரடியாகவே ஓட்டின. பழைய தொலைக்காட்சிக்கு ஹெச்.264க்கு மேல் எதுவும் தெரியாது. ஊரில் பெற்றோர் வீட்டில் இருக்கும் தொலைக்காட்சி புதியது, ஆனால் அங்கே இணைய வேகம் நிலையாக இருப்பதில்லை; நொடிக்கு 4 மெகாபிட் அளவுக்குக் குறைத்து அனுப்பினால்தான் தடங்காமல் ஓடும். ஆக, ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள், அவற்றில் ஒன்று 4கே 10 பிட்டாக இருக்கலாம் என்பதே என் உண்மையான தேவை. இதை எழுதி முடித்தபோது கோர் எண்ணிக்கை பற்றிய கேள்வியே மறைந்து, எந்தத் தலைமுறையின் வீடியோ பகுதி 10 பிட் ஹெச்.இ.வி.சி.யைப் படிக்கும் என்ற ஒரே கேள்வி மிஞ்சியது.

விடை ஏழாம் தலைமுறை. ஆறாம் தலைமுறையான ஸ்கைலேக், 2015இல் ஹெச்.இ.வி.சி.யை முதன்முதலாக முழு ஹார்டுவேர் வசதியோடு கொண்டுவந்தது, ஆனால் 8 பிட் மட்டும். ஏழாம் தலைமுறையான கேபி லேக் 10 பிட் ஹெச்.இ.வி.சி.யையும் 10 பிட் வி.பி.9 (மற்றொரு சுருக்க முறை) வாசிப்பையும் சேர்த்தது. எட்டாம் தலைமுறையில் கோர்கள் நான்கிலிருந்து ஆறாயின. வீடியோ பகுதி கிட்டத்தட்ட ஏழாம் தலைமுறையில் இருந்ததே. ஏ.வி.1 வாசிப்புக்கு 11ஆம் தலைமுறைவரை போக வேண்டும், அதிலும் டெஸ்க்டாப் ஐ3 சில்லுகளை நம்பக் கூடாது. அவை 10ஆம் தலைமுறையின் மறுபதிப்புகள். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் கிராஃபிக்ஸ் பகுதியே இருக்காது. உதாரணத்துக்கு ஐ5-9400எஃப், இந்த வேலைக்கு அதை விலையின்றிக் கொடுத்தாலும் பயனில்லை.

கையில் எடுத்துப் பார்க்காமல் நம்ப மனம் வரவில்லை. நண்பர் ஒருவர் அலுவலகத்தில் ஒதுக்கி வைத்திருந்த ஐ5-6500 இயந்திரத்தைக் கடன் வாங்கி, என் பென் டிரைவிலிருந்து டெபியனை ஏற்றிச் சோதித்தேன். வீடியோ பகுதியின் திறன்களைக் காட்டும் வி.ஏ.இன்ஃபோ என்ற கட்டளை தந்த பட்டியலில் 8 பிட்டைக் குறிக்கும் ஹெச்.இ.வி.சி. மெயின் என்ற வரி இருந்தது, 10 பிட்டைக் குறிக்கும் மெயின்10 என்ற வரி இல்லை. விற்பனைக் குறிப்புகளில் ‘ஹெச்.இ.வி.சி. ஆதரவு உண்டு’ என்று போட்டிருப்பது பொய்யில்லை, பாதி உண்மை. 8 பிட் கோப்பு பறந்தது. 10 பிட் 4கே கோப்பில், வாசிப்பைக் கோர்களும் சுருக்குவதைக் கிராஃபிக்ஸும் பங்கிட்டுக்கொண்டு, நொடிக்கு 24 முதல் 28 ஃபிரேம் வந்தது. 30 வேண்டிய இடத்தில் 28 என்பது தோல்விதான்; படம் ஓரிரு நிமிடங்கள் நன்றாக ஓடி, பிறகு ஒரு சுழலும் வட்டத்தில் நிற்கும். முழுதாகத் தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, இந்த அரைகுறை வெற்றியைப் பார்த்துவிட்டு எவரேனும் வாங்கிவிடக்கூடும்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய அலுவலக மினி பிசிக்கள் விற்கும் கடைகளுக்குப் போனபோது, சந்தையின் நிலவரம் எனக்குச் சாதகமாக இருந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 என்ற நாளோடு முடிவதாக இருந்ததால் நிறுவனங்கள் ஆறு, ஏழாம் தலைமுறை இயந்திரங்களைக் கட்டுக்கட்டாகத் தள்ளிக்கொண்டிருந்தன. லினக்ஸ் போடுகிறவருக்கு அந்த எல்லைக்கோட்டால் ஒரு நஷ்டமும் இல்லை, விலை மட்டும் இறங்குகிறது. 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் சேர்த்து ஐ5-6500டி 8,300 ரூபாய், ஐ5-7500டி 9,800 ரூபாய், ஐ5-8500டி 15,500 ரூபாய் என்று சொன்னார்கள். கடைக்காரர் ஆறாம் தலைமுறையையே என் பக்கம் தள்ளினார். “ரெண்டும் ஒண்ணுதான் சார், இருநூறு மெகாஹெர்ட்ஸ்தான் வித்தியாசம், எதுக்கு ஆயிரத்தைந்நூறு வீணா தரீங்க?” என்றார். அலுவலக வேலைக்கு வாங்குகிறவருக்கு அவர் சொன்னது நியாயமான யோசனைதான். எனக்கு அந்த 1,500 ரூபாயே மொத்தக் கொள்முதலின் பொருள்.

வாங்குமுன் கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் போட்டுப் பூட்டப்படவில்லை என்று உறுதி செய்தேன். மின்சாரம் போய் வந்தால் தானே இயங்கத் தொடங்கும் அமைப்பு அங்கே இருக்கிறதா என்பதையும் பார்த்தேன். மின்வெட்டு வரும் வீட்டில், அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெட்டியை ஒவ்வொரு முறையும் கையால் அழுத்தி எழுப்ப முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றினேன். ஒரு பிலிப்ஸ் திருப்புளி போதும். மின்விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே கம்பளிபோல் தூசி படிந்திருந்தது. காய்ந்த தெர்மல் பேஸ்ட் (வெப்பத்தைக் கடத்தும் பசை) சில்லின் மேல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பேஸ்ட் பட்டாணி அளவு வைத்து, திருகுகளைக் குறுக்குவாட்டில் சிறிது சிறிதாக இறுக்கினேன். முழுச் சுமையில் 89 டிகிரியைத் தொட்ட வெப்பம் 67க்கு இறங்கியது. பயாஸ் நேரத்தைக் காக்கும் சி.ஆர்.2032 பேட்டரியையும் மாற்றிவிட்டேன். அதன் விலை ஒரு தேநீர்ச் செலவு, பிறகு அதற்காக மீண்டும் திறக்க வேண்டியிருக்காது.

நினைவகத்தில் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. கடையில் தந்தது 8 ஜிபியின் ஒற்றைத் துண்டு. ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, அது கணினியின் நினைவகத்தையே பயன்படுத்துகிறது. ஒற்றைத் துண்டில் தரவு போகும் பாதை ஒன்றுதான், இரண்டு துண்டில் இரண்டு. செத்துப்போன மடிக்கணினியிலிருந்து அதே டிடிஆர்4 வகையில் இன்னொரு 8 ஜிபியைக் கழற்றிச் செருகினேன். 4கே எச்.டி.ஆர். கோப்பை 1080பியாக மாற்றும் வேகம் நொடிக்கு 47 ஃபிரேமிலிருந்து 63க்கு ஏறியது. பிராசசரில் ஒரு படி மேலே போயிருந்தாலும் இந்த அளவு வித்தியாசம் வந்திருக்காது. இந்த வகைக் கணினியில் 16 ஜிபி ஒரே துண்டாக வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டாக வாங்குவது மேல்.

அதற்கு முன் ஒரு நாள் முழுவதும் வேறொரு தொல்லை. டெபியனை நிறுவியபோதே எல்லாம் ஆமைவேகத்தில் நகர்ந்தது. எஸ்.எஸ்.டி. கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. கோர்களின் வேகத்தைப் பார்த்தபோது நான்கும் 800 மெகாஹெர்ட்ஸில் உறைந்திருந்தன. காரணம் அடாப்டர். கடையில் தந்தது பெயரில்லாத மாற்று அடாப்டர். அது எத்தனை வாட் தரும் என்பதை மதர்போர்டால் அறிய முடியாமல், பாதுகாப்புக்காக வேகத்தை அடிமட்டத்தில் நிறுத்தியிருக்கிறது. அதே தயாரிப்பாளரின் 65 வாட் அசல் அடாப்டரைப் பழைய பொருளாக 900 ரூபாய்க்கு வாங்கிச் செருகியதும் 3.3 கிகாஹெர்ட்ஸ்வரை ஏறியது.

மென்பொருள் பக்கம் மூன்று இடங்களில் நேரம் போனது. முதலாவது எளியது: ஜெல்லிஃபினின் பயனர் கணக்கை ரெண்டர் என்ற குழுவில் சேர்க்காவிட்டால், கிராஃபிக்ஸ் சாதனக் கோப்பைத் தொட அனுமதி கிடைக்காது, பிழை எதையும் திரையில் காட்டாமல் வேலை கோர்களுக்குப் போய்விடும். இன்டெல் ஜி.பி.யு. டாப் என்ற கருவியை ஓடவிட்டு, வீடியோ என்ற பட்டை அசைகிறதா என்று கண்ணால் பார்ப்பதே நம்பகமான சோதனை.

இரண்டாவது, எச்.டி.ஆர். நிறங்களைச் சாதாரணத் திரைக்கு ஏற்ப இறக்கும் டோன் மேப்பிங். இது இல்லையென்றால் பட்டுப் புடவையின் அரக்கு நிறம் கழுவிப்போன செங்கல்போல் தெரியும். இதற்கு, கிராஃபிக்ஸ் பகுதியில் கணக்குகளை ஓட்ட உதவும் ஓப்பன்சி.எல். தேவை. இன்டெல்லின் தளத்திலிருந்து எடுத்த புதிய ஓப்பன்சி.எல். தொகுப்பு என் கிராஃபிக்ஸைக் கண்டுகொள்ளவே இல்லை. புதிய பதிப்புகள் இந்தப் பழைய தலைமுறைகளைத் தனிக் கிளைக்கு ஒதுக்கிவிட்டன. புதிதை நீக்கிவிட்டு, டெபியன் 12இன் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கும் பழைய பதிப்பை நிறுவியதும் சாதனம் தெரிந்தது. பழைய சில்லுக்குப் பழைய மென்பொருளே பொருத்தம் என்பதைச் சர்வரைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொகுப்பைப் பதிப்பு மாறாமல் பூட்டி வைத்துவிட்டேன்.

மூன்றாவது சப்டைட்டில். புளூரேயில் வருபவை எழுத்தாக இல்லாமல் படங்களாக இருக்கும். பழைய தொலைக்காட்சியின் செயலிக்கு அவற்றைக் காட்டத் தெரியாததால், சர்வர் அவற்றை வீடியோவின் மேலேயே பதித்து அனுப்ப வேண்டும். வேகம் 63இலிருந்து 40ஐ ஒட்டி இறங்கும். ஆவணப்படங்களுக்காக அப்பாவுக்குச் சேர்த்து வைத்திருந்த தமிழ் சப்டைட்டில் கோப்புகளையும் இப்படிப் பதித்தபோது எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன. சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, ஜெல்லிஃபினின் மாற்று எழுத்துருவாகக் காட்டியதும் கொம்பும் காலும் இடம் மாறாமல் ஒழுங்காக வந்தன.

அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு கோடெக்குக்கும் ஒரு பெட்டி இருக்கும். சில்லால் முடியாததை அங்கே குறியிடக் கூடாது. ஏ.வி.1 பெட்டியைக் குறித்து வைத்தால், சர்வர் இல்லாத ஹார்டுவேரைத் தேடித் தோற்று, கோப்பு ஓடாமலே நின்றுவிடும். குறிக்காமல் விட்டால் கோர்கள் அதை எடுத்துக்கொண்டு 1080பி அளவுவரை சமாளிக்கின்றன.

இப்போதைய அளவுகள்: 1080பி 10 பிட் கோப்பு நொடிக்கு 200 ஃபிரேமை ஒட்டி மாறுகிறது. 4கே எச்.டி.ஆர். ஒன்றும் 1080பி ஒன்றும் ஒரே நேரத்தில் தடங்கலின்றி ஓடுகின்றன. 4கே எச்.டி.ஆர். இரண்டு என்றால் விளிம்பில் நிற்கிறது. அதிலும் நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்ததாக இருந்தால் ஒன்றுக்கு மேல் நம்ப முடியாது. சும்மா இருக்கும்போது பெட்டி 11 வாட், யூ.எஸ்.பி.யில் தனி மின்இணைப்போடு தொங்கும் 4 டிபி வட்டு 6 வாட். மொத்தம் 17 வாட் என்றால் இரண்டு மாத மின்கணக்கில் 24.5 யூனிட். பழைய டெஸ்க்டாப் அதே வட்டோடு 42 வாட் இழுத்தது, அது 60.5 யூனிட். தொடக்க யூனிட்டுகள் இலவசம், அதன்பின் அடுக்கடுக்காக விலை ஏறும் தமிழ்நாட்டுக் கட்டண முறையில், குறையும் இந்த 36 யூனிட்டும் வீட்டின் மிக உயர்ந்த அடுக்கிலிருந்தே கழிகிறது. கோடையில் ஏசி ஓடும் மாதங்களில் அதன் மதிப்பு நன்றாகவே தெரிந்தது.

செலவு: கணினி 9,800, அடாப்டர் 900, பேஸ்ட் 220, பேட்டரி 40, மொத்தம் 10,960 ரூபாய். வாட் மீட்டர் 750 ரூபாய்; அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, வீட்டில் ஃபிரிட்ஜின் உண்மையான பசியைக் கண்டுபிடித்ததில் அதன் காசு வேறு வழியில் வந்துவிட்டது.

மறுமுறை செய்தால் கடைக்குப் போகும்போதே டெபியன் ஏற்றிய பென் டிரைவில் ஒரு 4கே 10 பிட் கோப்பையும் போட்டு எடுத்துப்போவேன்; கடை மேசையிலேயே ஐந்து நிமிடத்தில் மெயின்10 வரி இருக்கிறதா, கோர்கள் 800ஐத் தாண்டுகின்றனவா என்று தெரிந்துவிடும். அடாப்டர் அசலாக இல்லாவிட்டால் விலையில் கழிக்கச் சொல்வேன். நினைவகம் இரண்டு துண்டாக இருக்கும்படி கேட்பேன். எட்டாம் தலைமுறைக்குக் கூடுதலாக 5,700 ரூபாய் தருவதில் இந்த வேலைக்கு இன்னும் அர்த்தம் காணவில்லை. அந்தப் பணத்துக்கு அருகிலேயே, 2023இல் வந்த இன்டெல் என்100 கொண்ட புதிய மினி பிசிக்கள் அப்போது 16,000 ரூபாயை ஒட்டிக் கிடைத்தன, அவை ஏ.வி.1ஐயும் வாசிக்கும், மின்சாரமும் குறைவு. என் விரிதாளில் ஏ.வி.1 என்ற வரி நூறைத் தாண்டும் நாளில் அதற்கு மாறுவதாக வைத்திருக்கிறேன். கடைசியாக எஃப்எஃப்ப்ரோபை ஓட்டியபோது அந்த எண்ணிக்கை பத்துக்குள்தான் இருந்தது.